கூலர் மாற்றப் போகிறீர்களா? கோர் வெப்பநிலையை மட்டும் நம்பாதீர்கள்!

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்து பழகியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கூலர் மாற்றுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்து விடுகிறார்கள். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் புரோகிராமைத் திறந்து கோர் கிளாக் ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்த்துகிறோம். கேம் முன்பை விட வேகமாக ஓடுகிறது. கூடவே திரையின் மூலையில் தெரியும் வெப்பநிலையும் 70, 76, 82 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஃபேன் போடும் சத்தத்தில் ஹாலில் டிவி பார்ப்பவர்கள் எழுந்து வந்து கதவைச் சாத்துகிறார்கள். உடனே, "ஒரு பெரிய கூலர் போட்டு விட்டால் இன்னும் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றலாமே" என்று தோன்றுகிறது.

கூலரை மேம்படுத்துவது நல்ல காரியம்தான். நம் ஊர் வெயிலுக்கு அது ஆடம்பரமும் இல்லை. ஆனால் நம்மில் பலர் திரையில் தெரியும் அந்த ஒரே ஒரு எண்ணைப் பார்த்து, அதைக் குறைப்பதற்காகவே பணத்தைச் செலவழிக்கிறோம். அந்த எண் கிராபிக்ஸ் சிப்பின் வெப்பநிலை மட்டுமே. கார்டில் சூடாகும் மற்ற பாகங்களைப் பற்றி அது ஒரு வார்த்தை கூடச் சொல்வதில்லை. 82 டிகிரியை 65 ஆக்கி விட்டோம் என்று மகிழ்ந்து கொண்டிருக்கும்போதே மெமரியும் வோல்டேஜ் பகுதியும் வெந்து கொண்டிருக்கலாம். இதுதான் என் வாதம். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து விடுவோம். ஒரு சிப் இயங்கும்போது வெளியிடும் சூடு, அதன் கிளாக் வேகத்தையும், அதற்குக் கொடுக்கும் வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. கிளாக்கை மட்டும் 10 சதவீதம் ஏற்றினால் சூடும் ஏறத்தாழ 10 சதவீதம்தான் கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் வோல்டேஜையும் சேர்த்து ஏற்றாமல் கிளாக் நிற்காது. இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால் கணக்கு என்ன ஆகிறது? 1.1-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 1.33 வரும். அதாவது 200 வாட் கார்டு 266 வாட் கார்டாகி விடுகிறது. இதற்குப் பதிலாகக் கிடைப்பது, 60 ஃபிரேம் ஓடிய கேம் அதிகபட்சம் 66 ஃபிரேம் ஓடுவது. ஆறு ஃபிரேமுக்காக மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு! தினமும் நான்கு மணி நேரம் விளையாடும் வீட்டில் இந்த 66 வாட் மாதம் சுமார் 8 யூனிட் மின்சாரம். உங்கள் யூ.பி.எஸ். சாதாரண 600 வி.ஏ. வகையாக இருந்தால் அதன் உண்மையான தாங்கும் சக்தி பெரும்பாலும் 360 வாட்தான். கரண்ட் போகும்போது யூ.பி.எஸ். கீச்சிட்டு அணைந்து போவதற்கு யூ.பி.எஸ்.ஸைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது அறை வெப்பநிலை. இதை நம்மவர்கள் பெரும்பாலும் மறந்து விடுகிறோம். வெளிநாட்டு விமரிசனங்களில் "இந்தக் கூலர் போட்டதும் 62 டிகிரிதான்" என்று படிக்கிறோம். அந்தச் சோதனை நடந்த அறை 20 அல்லது 22 டிகிரியில் இருந்திருக்கும். கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது செய்யக்கூடியது ஒன்றுதான். அறைக் காற்றை விட இத்தனை டிகிரிக்கு மேல் சிப் போகாமல் பார்த்துக் கொள்ளும். அங்கே 22-க்கு மேல் 40 டிகிரி ஏறியது என்றால், சென்னையிலோ வேலூரிலோ ஏ.சி. இல்லாத அறையில், கத்திரி வெயிலில் 36-க்கு மேல் அதே 40 டிகிரி ஏறும். 62 என்று படித்தது நம் வீட்டில் 76. கூலர் மோசமில்லை. நாம் படித்த எண்தான் நமக்கானது இல்லை. எந்த விமரிசனத்தைப் படித்தாலும் 14 டிகிரியைக் கூட்டிக் கொண்டு படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

பழைய கூலர்கள் சொல்லும் பாடம்

தனிக் கூலர் வாங்கிப் போடும் பழக்கம் சூடு பிடித்தது 2003-ஐ ஒட்டித்தான். அந்த ஆண்டு கடைக்கு வந்த என்விடியா ஜீபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ரா கார்டு, இரண்டு ஸ்லாட் இடத்தை அடைத்துக் கொண்டு வாக்குவம் கிளீனர் மாதிரி சத்தம் போட்டது. உலகமே கேலி செய்தது. கடைசியில் என்விடியாக்காரர்களே, கார்டில் இலை ஊதும் மெஷினைப் பொருத்துவது போல ஒரு நகைச்சுவை வீடியோ எடுத்துத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்து கொண்டார்கள். அதே 2003-இல் வந்த ஏ.டி.ஐ. ரேடியான் 9800 புரோ கார்டிலோ ஒரே ஸ்லாட்டில் அடங்கும் சிறிய கூலர்தான் இருந்தது. 380 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அந்த கார்டை ரிவாடியூனர், ஏ.டி.ஐ.டூல் போன்ற புரோகிராம்களால் ஏற்றிப் பார்த்தவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் ஆர்க்டிக் கூலிங்கின் வி.ஜி.ஏ. சைலன்ஸர், ஸால்மன் வி.எஃப். 700 போன்றவை வந்தன.

இந்த இரண்டில் நான் எப்போதும் சைலன்ஸர் பக்கம்தான். ஸால்மன் கூலர் பார்க்க அழகு. முழுவதும் செம்புத் தகடுகள், பூ விரிந்த மாதிரி. எடை 270 கிராம். ஆனால் அது சூட்டைச் சிப்பிலிருந்து எடுத்துக் கேபினட்டுக்குள்ளேயே கொட்டும். சைலன்ஸர் அப்படியில்லை. பக்கத்து ஸ்லாட் இடத்தை எடுத்துக் கொண்டு, சூடான காற்றைக் கேபினட்டின் பின்புறம் வழியாக வெளியே தள்ளி விடும். 36 டிகிரி அறையில் வாழ்கிறவனுக்கு எது தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

ஸால்மன் பெட்டியில் இன்னொரு விஷயம் இருக்கும். மெமரி சிப்களின் மேல் ஒட்டிக் கொள்ள எட்டு சின்னஞ்சிறு ஹீட் சிங்க்குகள், டபுள் சைடு டேப்புடன். கோருக்கு மைசூர் மகாராஜா மாதிரி செம்பு சிம்மாசனம், மெமரிக்கு சட்டைப் பித்தான் அளவு ஓர் அலுமினியத் துண்டு! வோல்டேஜ் பகுதிக்கு அதுவும் கிடையாது. அந்தக் காலக் கார்டுகள் குடித்த மின்சாரம் குறைவு என்பதால் அது போதுமாக இருந்தது. இன்று கார்டுகள் குடிக்கும் மின்சாரம் எங்கேயோ போய் விட்டது. 2020-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டு 320 வாட், 2022-இல் வந்த 4090 கார்டு 450 வாட், 2025-இல் வந்த 5090 கார்டு 575 வாட். ஆனால் கூலர் பற்றிய நம் எண்ணம் மட்டும் அந்தச் செம்புப் பூவிலேயே நின்று விட்டது.

கூலர் உண்மையிலேயே வேகம் தருமா?

தரும். இதை மறுப்பதற்கில்லை. 2013 அக்டோபரில் வந்த ஏ.எம்.டி. ரேடியான் ஆர்9 290எக்ஸ் இதற்கு மிகச் சிறந்த உதாரணம். அந்தச் சிப் 95 டிகிரி வரை போகலாம் என்று ஏ.எம்.டி.யே அனுமதித்திருந்தது. பெட்டியில் "1000 மெகாஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருந்தார்கள். அந்த "வரை" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. கம்பெனி கொடுத்த கூலரில், ஃபேன் வேகத்தை 40 சதவீதத்துக்கு மேல் விடாத சைலன்ட் நிலையில் வைத்தால், சில நிமிடங்களில் சிப் 95-ஐத் தொடும். உடனே தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். பின்னால் மற்ற தயாரிப்பாளர்கள் பெரிய கூலருடன் கொண்டு வந்த அதே 290எக்ஸ் கார்டுகள் 1000 மெகாஹெர்ட்ஸில் நிலையாக ஓடின. இங்கே கூலர் ஓவர்கிளாக்குக்கு உதவவில்லை, காசு கொடுத்து வாங்கிய வேகத்தைத் திருப்பித் தந்தது.

2012-இல் ஜீபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 680 கார்டில் என்விடியா ஜி.பி.யூ. பூஸ்ட் என்ற வசதியைக் கொண்டு வந்தது. அன்றிலிருந்து கார்டு தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்து கொள்கிறது. மின்சாரமும் வெப்பநிலையும் இடம் கொடுத்தால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். ஜி.டி.எக்ஸ். 10 வரிசை கார்டுகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், சூடு ஏற ஏற கிளாக் சுமார் 13 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறங்கிக் கொண்டே வரும். எனவே இன்று "ஓவர்கிளாக் செய்த கார்டு", "செய்யாத கார்டு" என்ற பிரிவே பாதி மறைந்து விட்டது. நம் வீட்டு வெயிலில் ஸ்லைடரைத் தொடாதவருக்கும் கூலிங் ஒரு பிரச்னைதான்.

அப்படியானால் கோரைக் குளிர்விப்பதில் என்ன தவறு? ஒன்றுமில்லை, அதோடு நின்று விடுவதில்தான் சிக்கல்.

எண் காட்டாத இடங்கள்

கார்டின் வோல்டேஜ் பகுதியை எடுத்துக் கொள்ளுங்கள். வி.ஆர்.எம். என்று சொல்வார்கள். எஸ்.எம்.பி.எஸ். தருவது 12 வோல்ட். சிப்புக்குத் தேவை சுமார் 1 வோல்ட். இந்த மாற்றத்தைச் செய்வது கோரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன கறுப்புச் சில்லுகள். 1 வோல்டில் 200 வாட் கொடுக்க வேண்டுமானால் 200 ஆம்பியர் கரண்ட் ஓட வேண்டும்! வீட்டில் ஏ.சி. மாட்டும் பெரிய பிளக் பாயிண்டே 16 ஆம்பியர்தான். இந்த மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு வீணானால் கூட 20 வாட் சூடு அந்தச் சில்லுகளில் இறங்குகிறது. டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயத்தை உருக்கும் கருவிக்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். ஓவர்கிளாக்கில் வோல்டேஜை ஏற்றும்போது முதலில் அடி வாங்குவது இந்தப் பகுதி.

இது கற்பனை பயம் இல்லை. 2016-இல் ஈ.வி.ஜி.ஏ. கம்பெனியின் ஜி.டி.எக்ஸ். 1080 எஃப்.டி.டபிள்யூ. கார்டுகள் சிலவற்றில் திரை திடீரென்று கறுத்துப் போவதாகவும், சில கார்டுகள் கருகியதாகவும் புகார்கள் வந்தன. கோர் வெப்பநிலை கவலைப்படும்படி இல்லை. ஆனால் கடுமையான சோதனைகளில் வி.ஆர்.எம். பகுதி 100 டிகிரியைத் தாண்டியது தெரிய வந்தது. ஃபேன் வேகத்தைக் கோர் வெப்பநிலையைப் பார்த்துத்தானே கார்டு தீர்மானிக்கிறது? கோர் சுகமாக இருந்ததால் ஃபேனும் மெதுவாகச் சுற்றியது. ஈ.வி.ஜி.ஏ. அந்த ஆண்டு நவம்பரில், கேட்டவர்களுக்கெல்லாம் தெர்மல் பேடுகளை இலவசமாக அனுப்பியது. ஃபேன் வேகத்தைக் கூட்டும் புதிய பயாஸையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஐ.சி.எக்ஸ். என்ற பெயரில் வந்த அவர்களது கூலரில் மெமரிக்கும் வி.ஆர்.எம்.முக்குமாக 9 கூடுதல் வெப்ப சென்சார்களை வைத்தார்கள். ஒரு எண் போதாது என்பதற்கு இதை விட நல்ல சாட்சி வேண்டுமா? (ஈ.வி.ஜி.ஏ. 2022-இல் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு விட்டது. அந்த 9 சென்சார் யோசனையை மற்றவர்கள் யாராவது எல்லா கார்டுகளிலும் செய்ய மாட்டார்களா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.)

அடுத்தது மெமரி. ஆர்.டி.எக்ஸ். 3080, 3090 கார்டுகளில் உள்ள ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் மெமரி மிகவும் சூடாகும் வகை. 3090 கார்டில் பாதி மெமரி சிப்கள் போர்டின் பின்புறத்தில், கூலருக்கு எதிர்ப்பக்கம் இருக்கின்றன. 2021 தொடக்கத்தில் ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ புரோகிராம் மெமரி ஜங்ஷன் என்ற வெப்பநிலையைக் காட்ட ஆரம்பித்த பிறகுதான் பலருக்கும் தூக்கிவாரிப் போட்டது. கோர் 65-இல் இருக்க, மெமரி 110-இல் நின்று கொண்டு தன் வேகத்தைக் குறைத்துக் கொண்டிருந்தது. 3060, 3070 போன்ற சாதாரண ஜி.டி.டி.ஆர்.6 கார்டுகளில் இந்த எண்ணும் தெரியாது. அங்கே இருட்டில்தான் வேலை.

இது இன்று நம் ஊரில் ஏன் முக்கியம் என்றால், கையிலிருக்கும் பணத்துக்கு செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்கள் அதிகம். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்திரியம் காசு மைனிங் செய்யும் முறையைக் கைவிட்டது. இரவு பகலாக மெமரியைப் பிழிந்து ஓடிக் கொண்டிருந்த கார்டுகள் உலகம் முழுவதும் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. நம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைத்தன. என் பக்கத்துத் தெருவில் ஒரு கல்லூரி மாணவர், பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அப்படி ஒரு 3080 கார்டை வாங்கி வந்தார். "சார், அரை மணி நேரம் விளையாடினால் திரை கறுத்துப் போகிறது. கடைக்காரர் கூலர் மாற்றச் சொல்கிறார்" என்றார். கடைக்காரர் சொன்ன கூலரின் விலை, அவர் கார்டு வாங்கிய விலையில் கால் பங்கு. கோர் 68-இல் இருந்தது. மெமரி 108. கார்டைக் கழற்றிப் பார்த்தால், மெமரி சிப்களின் மேல் இருந்த தெர்மல் பேடுகள் காய்ந்து, எண்ணெய் மட்டும் போர்டு முழுவதும் வழிந்திருந்தது. கூலர் மாற்றவில்லை. பேடுகளை மாற்றினோம், பேஸ்ட் புதிதாகப் போட்டோம். மெமரி 90-க்குக் கீழே வந்தது, திரை கறுப்பதும் நின்றது. அந்தப் பெரிய கூலரை வாங்கிக் கோருக்கு மட்டும் மாட்டியிருந்தால் கோர் 68-இலிருந்து 58-க்கு வந்திருக்கும், மெமரி செத்திருக்கும்.

கோருக்குள்ளேயே கூட ஒரு எண் போதாது. சிப்பின் ஓரத்தில் ஒரு வெப்பநிலை, மிகச் சூடான புள்ளியில் வேறு வெப்பநிலை. இரண்டாவதை ஹாட் ஸ்பாட் என்பார்கள். 2022 டிசம்பரில் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ். கார்டுகள் சிலவற்றில் ஹாட் ஸ்பாட் மட்டும் 110-ஐத் தொட்டது. கூலருக்குள் இருக்க வேண்டிய திரவம் சில கார்டுகளில் போதுமான அளவு இல்லை என்று ஏ.எம்.டி. பிறகு ஒப்புக் கொண்டு மாற்றித் தந்தது. உங்கள் கார்டு இரண்டு எண்களையும் காட்டுமானால், வித்தியாசம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் பேஸ்ட் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

பணத்தை எங்கே போடுவது?

என்னைக் கேட்டால், முதல் செலவு கார்டுக்கே இல்லை. கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து விட்டு அதே கேமை அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். வெப்பநிலை 7, 8 டிகிரி இறங்கினால் கூலர் மேல் குற்றமில்லை, கேபினட்டுக்குள் காற்றோட்டம் இல்லை. 300 வாட் சூட்டை, உள்ளே வரும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வெளியே கொண்டு போக வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை கன மீட்டர் காற்று தேவை. முன்பக்கம் கண்ணாடி மூடி, பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன் என்றிருக்கும் கேபினட்டில் அது நடக்காது. நான்கு பக்கமும் கலர் விளக்கு எரியும் கேபினட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை, முன்புறம் வலை வைத்த ஒரு கேபினட்டுக்கும் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களுக்கும் கொடுக்கலாம். மூடியை நிரந்தரமாகக் கழற்றி வைத்து விடலாமே என்று கேட்பீர்கள். நம் தெருப் புழுதிக்கு இரண்டே மாதத்தில் ஹீட் சிங்க் தகடுகளுக்கிடையே கம்பளி நெய்திருக்கும்.

இரண்டாவது யோசனைக்கு ஒரு பைசா செலவில்லை. வோல்டேஜைக் குறைப்பது. ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். 1.05 வோல்டில் 1900 மெகாஹெர்ட்ஸ் ஓடும் கார்டு, பெரும்பாலும் 0.9 வோல்டிலும் அதே 1900-ஐத் தாங்கும். எல்லாக் கார்டும் தாங்கும் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித்தான் பார்க்க வேண்டும். தாங்கினால் சிப்பின் சூட்டில் கால் பங்குக்கு மேல் குறைந்து விடும். இதில் எனக்குப் பிடித்தது, வோல்டேஜைக் குறைக்கும்போது கோர் மட்டுமல்ல, வி.ஆர்.எம்.முக்கும் சுமை இறங்குகிறது. ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி வாங்கும் கூலர் செய்யாத வேலை இது. ஓவர்கிளாக் செய்யும் நண்பர்கள் இதைக் கோழைத்தனம் என்பார்கள். சொல்லி விட்டுப் போகட்டும். 22 டிகிரி அறையில் உட்கார்ந்து ஏற்றுபவனின் வீரமும் 36 டிகிரி அறையில் ஏற்றுபவனின் வீரமும் ஒன்றல்ல.

இவை இரண்டும் செய்த பிறகும் கார்டு கொதித்தால் திறக்கலாம். வாரண்டி இருக்கும் கார்டைத் திறக்கும் முன் உங்கள் கம்பெனியின் விதியைப் படித்து விடுங்கள். சில கார்டுகளில் ஸ்க்ரூ மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். திறந்தால் பேஸ்ட், பேட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பேஸ்ட்டுக்குப் பதிலாக ஹனிவெல் பி.டி.எம். 7950 என்ற மெல்லிய ஷீட் இப்போது பிரபலம். அறை வெப்பநிலையில் ஷீட்டாக இருக்கும், 45 டிகிரியை ஒட்டி இளகி இடைவெளியை நிரப்பும். பேஸ்ட் போலப் பிதுங்கி ஓரத்துக்கு ஓடி விடாது. போலிகளும் உலவுகின்றன, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

பேட் விஷயத்தில் தடிமன்தான் எல்லாம். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் "இன்னும் நன்றாக அழுத்தும்" என்று நினைக்காதீர்கள். தடித்த பேட் ஹீட் சிங்கைத் தூக்கிப் பிடிக்கும். கோருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே இடைவெளி விழுந்து கோர் வெப்பநிலை எகிறும். கழற்றும்போதே ஒவ்வோர் இடத்திலும் எந்தத் தடிமன் இருந்தது என்று செல்போனில் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கிராபிக்ஸ் சிப்புக்கு மேலே மூடி கிடையாது. ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கினால் சிலிக்கானின் ஓரம் உடைந்து விடும். அதற்கு மருந்தில்லை.

முழுக் கூலரையே மாற்றுவது இன்று கடைசி வழி என்பேன். அக்ஸிலரோ, மார்ஃபியஸ் போன்ற தனிக் கூலர்கள் ஒரு காலத்தில் ஒரே கூலர் பல கார்டுகளுக்குப் பொருந்தும்படி வந்தன. இப்போது ஒவ்வொரு கம்பெனியும் போர்டைத் தன் இஷ்டத்துக்கு வடிவமைக்கிறது, பொருந்தும் தனிக் கூலர் கிடைப்பதே அரிது. அதற்குப் பதிலாக நான் சிபாரிசு செய்வது, ஒரிஜினல் ஹீட் சிங்கை அப்படியே விட்டு விட்டு, மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியையும் சிறிய ஃபேன்களையும் மட்டும் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களைக் கேபிள் டையால் கட்டுவது. பார்க்க மாட்டு வண்டி மாதிரி இருக்கும். ஆனால் கம்பெனி மெமரிக்கும் வி.ஆர்.எம்.முக்கும் செய்து வைத்த ஏற்பாடு எதுவும் கெடாது. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும் என்பதால் ஹாலில் டிவி பார்ப்பவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

வாட்டர் கூலிங் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. பிராசஸருக்கான வாட்டர் கூலரைக் கிராபிக்ஸ் கார்டில் பொருத்த 2013-இல் என்.இஸட்.எக்ஸ்.டி. கம்பெனி ஜி10 என்ற பிராக்கெட்டைக் கொண்டு வந்தது. அதில் தண்ணீர் போவது கோருக்கு மட்டும். மெமரிக்கும் வி.ஆர்.எம்.முக்கும் மேலே ஒரு 92 மில்லிமீட்டர் ஃபேன் காற்றடிக்கும், அவ்வளவுதான். திரையில் 50 டிகிரி என்று காட்டி மயக்குவதற்கு இதை விடச் சிறந்த கருவி கிடையாது. கார்டு முழுவதையும் மூடும் வாட்டர் பிளாக் வேறு விஷயம், அது எல்லாப் பாகங்களையும் குளிர்விக்கும். விலையைக் கேட்டால் நமக்கு வேர்க்கும். தண்ணீரும் அறை வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஐஸ் போடலாமா, பெல்டியர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கடற்கரை ஊர்களில் கோடை ஈரப்பதத்தில் எந்தப் பொருளும் 25 டிகிரிக்குக் கீழே போனாலே மேலே தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக் கொள்ளும் என்பதை நினைவுபடுத்துகிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள்.

"சிப்பை 90 டிகிரிக்காகவே வடிவமைத்திருக்கிறார்கள், எதற்கு இவ்வளவு அலட்டல்?" என்றும் சிலர் கேட்கிறார்கள். சிலிக்கான் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் சிப்பைப் போர்டோடு இணைக்கும் சால்டர் முத்துக்கள் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும்போது விரிந்து சுருங்கிச் சோர்ந்து போகின்றன. 2008-இல் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களின் பேக்கேஜ் பொருள் பலவீனத்தால் வந்த பழுதுகளுக்காக என்விடியா 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியிருந்தது. எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்கோ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பழைய எலெக்ட்ரானிக்ஸ் கணக்கு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை கார்டு மாற்றும் ஊரில் இதெல்லாம் பொருட்டில்லை. அண்ணன் வாங்கிய கார்டைத் தம்பி, பிறகு மாமா பையன் என்று எட்டு வருடம் ஓட்டும் நம் வீடுகளில் பொருட்டுதான்.

ஃபேன் மாற்றுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கார்டில் உள்ள ஃபேன் பின், மதர்போர்டு ஃபேன் பின்னை விடச் சிறியது. அதற்கான மாற்று ஒயரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கார்டிலேயே செருகினால் ஃபேன் கோர் வெப்பநிலைக்கேற்பத்தான் சுற்றும். கோர் குளிர்ந்திருந்து மெமரி கொதிக்கும் கார்டில் அதையும் நம்ப வேண்டாம். ஆஃப்டர்பர்னரில் ஃபேன் வளைகோட்டைத் திறந்து, 50 டிகிரியிலேயே 50 சதவீதத்துக்கு மேல் சுற்றும்படி வைத்து விடுங்கள். கேபிள் டையின் வெட்டிய நுனி ஃபேன் இறக்கையில் படாமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து விட்டு ஸ்விட்சைப் போடுங்கள்.